தேக்கு நிறம்

நூற்றுப் பதினேழு தூண்கள் என் கணக்கில்.
எல்லாம் கான்கிரீட்.
"மரம் மாதிரி இருக்கணும்" என்றார் மேஸ்திரி ஊ பா தின்,
சிவப்பு டப்பாவைக் காலால் என் பக்கம் தள்ளி.
எந்த மரம் மாதிரி என்று சொல்லவில்லை.

எரிந்து ஐம்பது வருஷம்.
பார்த்தவர்கள் ஆளுக்கொரு சிவப்பு சொன்னார்கள்:
குங்குமம், காய்ந்த ரத்தம்,
வெற்றிலை துப்பிய சுவர்.

மாண்டலேயில் பிறந்தவன் நான்.
பெயர் சிவக்கொழுந்து, அட்டையில் கோ தான் லுவின்.
அதுவரை அரண்மனை என்றால் எனக்கு அகழிதான்.
நாலு பக்கமும் ஒரே நீளம்,
சைக்கிளில் சுற்றி வந்தால்
ஒருமுறையாவது சங்கிலி கழலும் தூரம்.
உள்ளே பட்டாளம்.
மதில்மேல் நிற்கும் கூர்க்கோபுரங்களை
தண்ணீரில் தலைகீழாகத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அந்த அகழியைத் தூர்வார
வீட்டுக்கு ஒரு ஆள் கேட்டார்கள்.
எங்கள் வீட்டிலிருந்து மைத்துனன் தனராசு போனான்.
கூலியைப் பற்றி யாரும் பேசவில்லை,
அவனும்.
நகத்துச் சேறு தீபாவளி எண்ணெய்க்கும் போகவில்லை.

நான் சாரத்தின்மேல்.
கீழே, வழிகாட்டி வேலைக்குப் பழகும் பிள்ளைகள்
மனப்பாடம் செய்துகொண்டிருப்பார்கள்:
அமரபுரத்தில் பிரித்து, யானை இழுத்து வந்த அரண்மனை.
ஏழடுக்குக் கூரைக்கு நேர்கீழே சிங்காசனம்.
சிங்காசனத்துக்கு நேர்கீழே உலகத்தின் நடு.
ஒருத்தி மட்டும் தினமும் ஒரே இடத்தில் தடுக்குவாள்:
"வெள்ளைக்காரன் ராணி மண்டபத்தை... மண்டபத்தை..."
"கிளப்பாக்கினான்!"
மேலிருந்து எடுத்துக் கொடுப்பேன்.
ஒரு சொட்டுப் பெயின்ட்டும் அவள் நோட்டில் விழும்.

ராஜாவை மாட்டு வண்டியில் ஏற்றினார்கள்,
பிறகு கப்பலில்.
முதலில் கொண்டுபோய் இறக்கிய ஊர் சென்னைப் பட்டணமாம்.
எங்கள் பாட்டன் முப்பாட்டன் யாரோ
அதே கரையில் இந்தப் பக்கம் பார்த்து ஏறியவர்.
வருஷம் தெரியாது.
நடுக்கடலில் இரண்டு கப்பலும் எதிர்ப்பட்டிருந்தால்
எது எதற்கு ஒதுங்கியிருக்கும்?

தேக்கும் அந்த வழியே போனது.
செட்டிநாட்டுக் கூடங்களில் எங்கள் காட்டு மரம்
எண்ணெய் மினுக்கில் நிற்கிறதாம்,
கட்டிப் பிடித்தால் கைக்கு எட்டாத பருமனில்.
அங்கே கேட்டால் பர்மா தேக்கு என்பார்கள்.
இங்கே பர்மா ராஜாவுக்கு
சிமெண்டும் தகரக் கூரையும் என் டப்பாவும்.

வேலையில்லாத பௌர்ணமியன்று
நிறம் தேடி மதிலுக்கு வெளியே போனேன்.
அங்கே ஒரு மடம் இருக்கிறது.
முன்பு அரண்மனைக்குள் இருந்த கட்டடம்,
பெரிய ராஜா உயிர்விட்ட இடம்.
மகனுக்கு அதன் பக்கத்தில் தூக்கம் வரவில்லை.
ஆவி என்றார்கள். துக்கம் என்றும் சொல்லலாம்.
பலகை பலகையாய்க் கழற்றி
வெளியே கொண்டுபோகச் சொல்லிவிட்டான்.
குண்டு விழுந்த மார்ச் மாதம்
காத்து வைத்ததெல்லாம் உள்ளே எரிந்தது.
சாவு விழுந்த வீடு
வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

தொட்டேன்.
சிவப்பே இல்லை.
வெளியில் மழை நக்கிய கறுப்பு,
உள்ளே, கை எட்டாத உயரத்தில் பொன்.
செதுக்கிய தேவர்களுக்கு மூக்கு தேய்ந்திருந்தது.
ஒரு தூணில் விரல் நுழைகிற வெடிப்பு.
நுழைத்தேன்.
மடித்த பஸ் டிக்கெட் ஒன்று கிடைத்தது.
திரும்ப வைத்துவிட்டேன்.

மறுநாள் ஊ பா தின் கேட்டார்,
"என்னய்யா, எந்த நிறம்?"
"டப்பாவில் இருக்கிறதேதான்" என்றேன்.

பின்வரிசையில், போட்டோவுக்குள் வராத ஒரு தூணில்
மெல்லிய தூரிகையால் கறுப்பு எடுத்து
விரல் அகலத்தில் ஒரு வெடிப்பு வரைந்தேன்.

திறப்பு விழாவுக்கு முந்தின வாரம்
மேலதிகாரி சுற்றிப் பார்த்தாராம்.
பட்டி வைத்து அடைக்க ஒரு பையனை அனுப்பினார்கள்.
கரண்டியை வைத்து அழுத்தினான்,
வழுக்கியது.
மறுபடி அழுத்தினான்.
கட்டைவிரலால் மேலிருந்து கீழாகத் தடவிப் பார்த்துவிட்டு
யாராவது கவனிக்கிறார்களா என்று
சுற்றுமுற்றும் திரும்பினான்.